நம் குடும்பத்தில் யாருக்கும் இல்லையே!

மார்பகப் புற்றுநோய் என்று மருத்துவர் கூறியதும் பல பெண்கள் திகைத்துக் கேட்பது இதைத்தான். அன்புச் சகோதரிகளே, இந்நோய் கண்ட நூறு பேரில் ஏறத்தாழ ஐந்து முதல் பத்துப் பேருக்கே பெற்றோர் வழி வந்த மரபணுப் பழுது காரணமாகிறது. மற்றவர்கள் அந்தப் பழுதோடு பிறந்தவர்கள் அல்லர்.

உயிரணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகாதபடி காவல் காக்கும் மரபணுக்கள் நம் உடலில் உண்டு. அவற்றுள் ஒன்று பி.ஆர்.சி.ஏ.1. அமெரிக்க அறிவியலாளர் மேரி கிளேர் கிங் அம்மையார் 1990-இல் அதன் இருப்பிடத்தை 17-ஆவது குரோமோசோமில் சுட்டிக் காட்டினார்; 1994-இல் மரபணுவே பிரித்தறியப்பட்டது. பரம்பரையாக வராத கட்டிகளிலும் இது பழுதுபட்டிருக்கும் என்றே பலர் எதிர்பார்த்தனர். ஆனால், தேடியபோது அத்தகைய பழுது மிக அரிதாகவே கிடைத்தது.

பிறகு காவல் தவறியது எவ்வாறு? ஒரு மரபணு பழுதின்றி இருந்தால் மட்டும் போதாது. அதன் கட்டளை நகலெடுக்கப்பட்டுப் புரதமாக வேண்டும். அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1995-இல் வெளியிட்ட ஆய்வில் அந்த நகலை அளந்தனர். பரம்பரையாக வராத கட்டிகளிலும், நோய் பரவத் தொடங்கும் கட்டத்தில் நகலின் அளவு குறைந்திருந்தது. சோதனைக்கூடத்தில் நகலைத் தடுத்தபோது உயிரணுக்கள் விரைந்து வளர்ந்தன.

இதற்கு ஒரு காரணம் பின்னர் தெரிய வந்தது. மெத்தில் எனும் சிறு வேதிப்பொருள் மரபணுவின் தொடக்கத்தில் ஒட்டி, அதைப் படிக்க இயலாமல் செய்துவிடுகிறது. சமையல் குறிப்பேட்டில் ஓரெழுத்தும் அழியவில்லை, பக்கங்கள்தாம் ஒட்டிக்கொண்டன! எல்லாக் கட்டிகளிலும் இவ்வாறே நிகழ்வதில்லை. பலவற்றில் பி53 என்னும் வேறொரு காவலன் வாழ்நாளின் இடையில் பழுதடைந்திருக்கிறான்.

ஆகவே, பரம்பரைப் பழுதைக் காணும் இரத்தப் பரிசோதனையில் குறையில்லை என்று வந்தாலும், இந்நோய் வாராது என்பதற்கு அது உறுதிச்சீட்டாகாது.

மாமியார்மாருக்கும் ஒரு சொல். "உன் தாய் வழிச் சீர்" என்று மருமகளைக் குத்திக் காட்டுவது பெரும்பாலும் பொய்ப் பழியே. பரம்பரையாக வரும் பழுதுகூடத் தந்தை வழியிலும் வரும்!

கட்டி, தோலில் குழி, காம்பு உள்ளிழுத்தல், இரத்தக் கசிவு ஆகியவற்றுள் எதைக் கண்டாலும், வலியில்லை என்று இருந்துவிடாதீர்கள். தொடக்கத்தில் பெரும்பாலும் வலி இராது. நாணம் தடுத்தால் பெண் மருத்துவரிடம் செல்லுங்கள். பெரும்பாலான கட்டிகள் புற்றுநோயல்ல. ஆயினும் அதைச் சொல்ல வேண்டியது மருத்துவரின் சோதனையும், தேவைப்பட்டால் ஊசியால் எடுக்கும் திசுப் பரிசோதனையுமே. குடும்ப வரலாறு அன்று.