ரோலிங் ஸ்டோன் கொண்டாடிய ஆல்பத்தில் நம்ம ஊர் உறுமி: எம்.ஐ.ஏ-வின் ‘கலா’ கதை

திருமுல்லைவாயிலில் ஏறி சென்ட்ரல் போகும் லோக்கல் ட்ரெயினுக்குத் தோதான ஆல்பம் ஒன்று இருக்கு. மொத்தமே முக்கால் மணி நேரம்தான். லண்டன் தமிழ்ப் பெண் எம்.ஐ.ஏ. (மாதங்கி ‘மாயா’ அருள்பிரகாசம்) 2007-ல் வெளியிட்ட ‘கலா’. அம்மாவின் பெயர் அது. முந்தைய ஆல்பத்துக்கு அப்பாவின் இயக்கப் பெயரான ‘அருளர்’.

ஹெட்போனில் ‘பேர்ட் ஃப்ளூ’ பாட்டைப் போட்டுப் பாருங்க. வளைந்த குச்சியால் தோலைத் தேய்க்கும்போது வரும் அந்த உறுமல், கோயில் திருவிழாவிலும் சாவு ஊர்வலத்திலும் கேட்டதுதான். உறுமி!

அது எப்படி அங்கே போனது? 2006-ல் எம்.ஐ.ஏ-வுக்கு அமெரிக்க விசா கிடைக்கவில்லை. அதனால் இந்தியா, டிரினிடாட், ஆஸ்திரேலியா என்று சுற்றியே ஆல்பத்தின் பெரும்பகுதியைப் பதிவு செய்தார். சென்னையில் ஏ.ஆர்.ரஹ்மானைச் சந்தித்தார். சேர்ந்து பாட்டு எதுவும் அமையவில்லை. ஆனால் ரஹ்மான் தன் ஸ்டுடியோவைக் கொடுத்தார்; உறுமிக் கலைஞர்கள் வந்து அடித்தார்கள்.

அந்த அடி டான்ஸ்ஹாலோடு ஒட்டியதில் ஆச்சரியமில்லை. 1970-களின் இறுதியில் ஜமைக்காவில் பிறந்த, ரெக்கேயின் தம்பி அது. ஒரே தாளத்தின் மேல் ஆளுக்கொரு பாட்டு. கானா கேட்டு வளர்ந்தவங்களுக்கு இது புதுசா என்ன? ‘கலா’ முழு டான்ஸ்ஹால் ஆல்பம் இல்லைதான். ஆனாலும் உறுமி அதிரும் ‘பாய்ஸ்’ பாட்டின் வீடியோவை ஜமைக்காவிலேயே எடுத்தார்கள்.

ரோலிங் ஸ்டோன் இதை 2007-ன் சிறந்த ஆல்பம் என்றது. சிக்கல் வந்தது ‘பேப்பர் பிளேன்ஸ்’ பாட்டுக்கு. கோரஸில் துப்பாக்கிச் சத்தம், பின்னாலேயே கல்லாப்பெட்டிச் சத்தம். குடியேறி வந்தவர்களைக் கொள்ளைக்காரர்களாகப் பார்க்கும் பார்வையை நக்கலடித்த பாட்டு. சிறுவயதில் யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக லண்டன் போனவர் வேறு எதைப் பாடுவார்? ஆனால் எம்டிவி துப்பாக்கிச் சத்தத்தை மாற்றிப்போட்டது. தீவிரவாத ஆதரவு என்ற பேச்சும் கிளம்பியது. நக்கல் புரியாதவர்களுக்கு அந்தப் பாட்டே ஆதாரமாகிவிட்டது. அப்படியும் 2008-ல் பில்போர்டில் 4-ம் இடம் பிடித்தது.

நம்மில் பலருக்கு அது ‘ஸ்லம்டாக் மில்லியனர்’ பாட்டாகத்தான் தெரியும். சென்னையில் அமையாத கூட்டணியும் அதே படத்தில் அமைந்தது. ரஹ்மானும் எம்.ஐ.ஏ-வும் சேர்ந்த ‘ஓ... சாயா’ 2009 ஆஸ்கர் போட்டிவரை போய்த் தோற்றது. ஜெயித்தது ‘ஜெய் ஹோ’. அதுவும் ரஹ்மான் பாட்டுதான்!