கொதிக்க வைத்தாலும் குடிக்க முடியாத தண்ணீர்!

2014-ம் ஆண்டு ஆகஸ்டு 2-ந் தேதி, சனிக்கிழமை.

அமெரிக்காவில் ஓஹியோ மாநிலத்தில் டொலிடோ என்று ஒரு நகரம் இருக்கிறது. அன்று பொழுது விடிவதற்கு முன்பே அங்கே ஓர் அறிவிப்பு வந்தது. குழாய்த் தண்ணீரை யாரும் குடிக்கக்கூடாது. கொதிக்க வைத்தும் குடிக்கக்கூடாது!

நகரம் அலறிப் புடைத்துக்கொண்டு எழுந்தது.

தண்ணீர் மேல் சந்தேகம் வந்தால் நாம் என்ன செய்வோம்? அடுப்பில் ஏற்றிக் கொதிக்க விடுவோம். ஆற வைத்துக் குடிப்போம். பாட்டி சொல்லிக் கொடுத்த வழி அது. டொலிடோவில் அந்த வழி பலிக்கவில்லை.

ஏன்?

தண்ணீரில் இருந்தது கிருமி அல்ல, விஷம். கிருமி சூட்டில் செத்துவிடும். இந்த விஷம் சூட்டுக்கு அசையாது. தண்ணீர் ஆவியாகிப் போகும். விஷம் பாத்திரத்திலேயே தங்கும். கொதிக்கக் கொதிக்க அதன் கடுமை கூடத்தான் செய்யும்!

கடைகளில் பாட்டில் தண்ணீர் சிறிது நேரத்தில் தீர்ந்துபோனது. மக்கள் காரை எடுத்துக்கொண்டு வெளியூர்களுக்கு ஓடினார்கள். ராணுவத்தைச் சேர்ந்த காவல் படையினர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள். 4 லட்சம் பேருக்கு மேல் தவித்தார்கள். இத்தனைக்கும் அவர்கள் ஊர் கடல் போன்ற ஓர் ஏரியின் கரையில் இருக்கிறது!

மூன்றாம் நாள் தடை நீங்கியது. நகர மேயர் மைக்கேல் காலின்ஸ் எல்லோருக்கும் முன்னால் ஒரு கிளாஸ் தண்ணீரைக் குடித்துக் காட்டினார்.

விஷம் எங்கிருந்து வந்தது?

அந்த ஏரியின் பெயர் ஈரி. (ஆம், ஈரி ஏரிதான்!) அதன் பரப்பு 25 ஆயிரம் சதுர கிலோ மீட்டருக்கு மேல். டொலிடோ பக்கம் மட்டும் ஆழம் குறைவு. வெயில் காலத்தில் அங்கே தண்ணீர் சூடேறும். அப்போது நீலப்பச்சைப் பாசி படரும். பச்சை வர்ணத்தைக் கரைத்து ஊற்றியது போல ஏரி மாறிவிடும். அந்தப் பாசி கக்கும் விஷத்துக்கு மைக்ரோசிஸ்டின் என்று பெயர். அது ஈரலைத் தாக்கும்.

பாசி தானாகக் கொழுப்பதில்லை. அதற்குத் தீனி வேண்டும். பாஸ்பரஸ் என்ற சத்துதான் அதன் தீனி. பயிருக்குப் போடும் உரத்தில் இருப்பதும் அதே பாஸ்பரஸ்தான். மாட்டுச் சாணத்திலும் பன்றிக் கழிவிலும் கூட அது உண்டு.

டொலிடோவுக்குப் பக்கத்தில் மாமீ என்ற ஆறு ஏரியில் கலக்கிறது. சுற்றிலும் பல ஆயிரம் சதுர கிலோ மீட்டரில் பெய்யும் மழை வாய்க்கால் வாய்க்காலாக வடிந்து இந்த ஆற்றுக்குத்தான் வரும். இப்படி ஓர் ஆற்றுக்கு வடியும் நிலம் முழுவதையும் நீர்ப்பிடிப்புப் பகுதி என்கிறார்கள். மாமீ ஆற்றின் நீர்ப்பிடிப்பில் பெரும்பகுதி சோளமும் சோயாவும் விளையும் வயல்கள்.

ஒரு காலத்தில் அதில் பெரும் பரப்பு சதுப்பு நிலமாகக் கிடந்தது. 19-ம் நூற்றாண்டில் அதை வடித்து வயலாக்கினார்கள். மண்ணுக்கு அடியில் வரிசையாகக் குழாய் பதித்தார்கள். இன்றும் மழை பெய்தால் வயலில் நிற்கும் நீர் அந்தக் குழாய் வழியே வடியும். கரைந்த உரமும் கூடவே போகும்!

விரல் நீட்ட முடியவில்லை

1960-களிலும் ஈரி ஏரி இப்படித்தான் நாறியது. ஏரி செத்துவிட்டது என்றே பேசினார்கள். 1972-ல் அமெரிக்காவும் கனடாவும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. சலவைத் தூளில் பாஸ்பேட்டைக் குறைத்தார்கள். சாக்கடை நீரைச் சுத்தம் செய்து விட்டார்கள். ஏரி பிழைத்தது.

அப்போது வேலை சுலபம். "இதோ, இந்தக் குழாயிலிருந்துதான் அழுக்கு வருகிறது" என்று காட்ட முடிந்தது. குழாய்க்குச் சொந்தக்காரரைப் பிடித்துக் கேட்க முடிந்தது.

1990-களின் நடுவிலிருந்து பாசி மறுபடி தலைகாட்டியது. இந்தத் தடவை யாரைப் பிடிப்பது? ஆயிரக்கணக்கான விவசாயிகள். ஒவ்வொருவர் வயலிலிருந்தும் போவது சொற்பம். அவர்களுக்கு அது ஒரு நஷ்டமாகவே தெரியாது. அவ்வளவும் சேர்ந்தால்தான் ஏரிக்கு விஷம்! இதில் விவசாயியைத் திருடனாக்குவது நியாயம் அல்ல. பயிருக்கு உரம் போடாமல் முடியுமா? அதற்காகக் குழந்தைக்குத் தண்ணீர் கொடுக்கப் பயப்படும் தாய் சும்மா இருப்பாளா?

2015-ல் ஓஹியோ ஒரு சட்டம் போட்டது. ஏரியின் மேற்குப் பக்கத்து நீர்ப்பிடிப்பில், பனி உறைந்த நிலத்திலும் மழையில் ஊறிய நிலத்திலும் உரம் இறைக்கக் கூடாது என்றது. 2019-ல் விவசாயிகளுக்குப் பணம் கொடுக்கும் திட்டமும் வந்தது. முதலில் மண்ணைச் சோதிக்க வேண்டும். தேவையான அளவுக்கு மட்டும் உரம் போட வேண்டும். மேலே தூவாமல் மண்ணுக்குள் வைக்க வேண்டும். அறுவடைக்குப் பின் நிலத்தை வெறுமனே விடாமல் ஏதாவது விதைத்து மூட வேண்டும். வயல் நீர் நேரே ஆற்றில் விழாதபடி, இடையில் சதுப்புக் குட்டைகளை உண்டாக்கவும் பணம் கிடைக்கிறது.

அதே 2019-ல் டொலிடோ மக்கள் இன்னொரு காரியமும் செய்தார்கள். ஏரிக்கே சட்ட உரிமை உண்டு என்று ஓட்டுப் போட்டார்கள்! அடுத்த ஆண்டே நீதிமன்றம் அது செல்லாது என்று தீர்ப்பளித்தது.

ஏரிக்குப் போகும் பாஸ்பரசை 2025-க்குள் 40 சதவிகிதம் குறைக்க வேண்டும் என்பது இலக்கு. அதை எட்ட முடியவில்லை. பல ஆண்டு உரம் மண்ணிலேயே சேர்ந்து கிடக்கிறது. இன்று உரத்தைக் குறைத்தாலும் பழைய பாக்கி கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து வந்துகொண்டிருக்கும்.

அதனால் டொலிடோவில் இப்போது ஏரித் தண்ணீரை அடிக்கடி சோதித்துப் பார்க்கிறார்கள். மார்ச் முதல் ஜூலை வரை மாமீ ஆறு எவ்வளவு பாஸ்பரஸ் கொண்டுவருகிறது என்று விஞ்ஞானிகள் அளக்கிறார்கள். அதை வைத்து, அந்தக் கோடையில் பாசி எவ்வளவு வரும் என்று முன்கூட்டியே கணித்துச் சொல்கிறார்கள். வசந்த காலத்தில் மழை கொட்டினால், ஆகஸ்டில் என்ன ஆகுமோ என்று நகரம் கணக்குப் பார்க்கத் தொடங்கிவிடும்.