ஊசுட்டேரியின் சிறு விருந்தினர்

புதுச்சேரி நகருக்கு மேற்கே ஏறக்குறைய 10 கிலோமீட்டர் தூரத்தில் விளங்கும் ஊசுட்டேரி, 2008-ஆம் ஆண்டில் பறவைகள் சரணாலயமாகப் பிரகடனம் செய்யப்பெற்றது. அங்கே செல்வோரின் கண்கள் நாரையையும் கூழைக்கடாவையும் நாடுவது இயல்பே எனினும், கரையோரத்து மரங்களிலும் புதர்களிலும், ஐப்பசி முதல் பங்குனி வரையில், உருவத்தால் சிறிய வேறு விருந்தினரும் வாசம் செய்கின்றனர். கிழக்கு ஐரோப்பாவிலும் சைபீரியாவிலும் கூடு கட்டிக் குஞ்சு பொரித்து, அப்பிரதேசங்களில் குளிர் மிகுந்து பூச்சிகள் அருகிப்போகும் முன்னரே தென்திசை நோக்கிப் புறப்படும் பிளித் நாணல் கதிர்க்குருவி, பத்துப் பன்னிரண்டு கிராம் எடையே உள்ள தன் தேகத்தில் சேமித்த கொழுப்பை ஆகாரமாகக் கொண்டு, வல்லூறுகளின் பயமும் பகலின் வெப்பமும் குறைந்த இராக்காலங்களில், நட்சத்திரங்களின் துணையுடன் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பிரயாணம் செய்து நம் நாட்டை அடைகிறது. மாங்குயிலும் பழுப்புக் கீச்சானும்கூட வடக்கிலிருந்து வலசை வருவனவே. இவற்றைக் காண விரும்புவோர், சூரியோதயத்தை ஒட்டிய வேளையில், சப்தமின்றி ஓரிடத்தில் நின்று, முதலில் செவியையும் பின்னர் தூரதிருஷ்டிக் கண்ணாடியையும் உபயோகித்தல் நலம். தழைகளுக்குள் மறைந்து திரியும் கதிர்க்குருவியை, 'செக், செக்' என்னும் அதன் குரலே காட்டிக்கொடுத்துவிடும்.