மஞ்சள் விளக்கும் மூச்சிரைக்கும் ஜீப்பும்

மோட்டார் வண்டியின் முகப்புப் பலகையிலே, வேகமானிக்கு அருகில், எஞ்சினின் உருவத்தில் ஒரு சிறு மஞ்சள் விளக்கு உண்டு. சாவியைத் திருப்பியதும் அது ஒளிரும். எஞ்சின் இயங்கத் தொடங்கியதும் அணையும். அணைய வேண்டிய விளக்கு அணையாமல் நிற்பதும், அதே வேளையில் வண்டி தன் பழைய வலுவை இழந்து மூச்சிரைப்பதும், வயதான ஜீப் வண்டிகளை வைத்திருப்போர் நன்கறிந்த துன்பமாகும். ஜீப் என்பது உண்மையில் ஒரு தனி வணிகப் பெயரே. ஆயினும் பஜேரோவோ, பிராடோவோ, விட்டாராவோ, எதுவாயினும் உயர்ந்த உடலும் பெரிய சில்லுகளும் உடையதை நம் நாட்டார் ஜீப் என்றே வழங்குவர். அவ்வழக்கையே நாமும் இங்குக் கொள்வோம்.

இத்துன்பம் நேரும்போது சிலர் விளக்கைப் பொருட்படுத்தாது ஓட்டிக்கொண்டேயிருப்பர். வேறு சிலர் அன்றைக்கே பஞ்சிகாவத்தைக்குச் சென்று, யாரோ ஒருவர் சொன்ன பாகத்தை வாங்கிப் பூட்டுவர். அது பயன்தராதபோது இன்னொன்றை வாங்குவர். முன்னவர் எஞ்சினைக் கெடுக்கின்றனர். பின்னவர் வீட்டின் வரவுசெலவைக் கெடுக்கின்றனர். அவ்விளக்கு எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்பதை அறிந்துகொண்டால் இரண்டையும் தவிர்க்கலாம்.

இஃது இன்று சிறிய காரியமன்று. 2020 மார்ச் மாதத்தில் நம் நாட்டிற்கு வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. படிப்படியாகத் தடை தளர்ந்து, 2025 பெப்ரவரியிலேதான் தனியார் கார்களுக்கு மீண்டும் வழி திறந்தது. திறந்த பின்னரும் வரிச்சுமை சாதாரணக் குடும்பத்தின் கைக்கெட்டாததாகவே இருக்கிறது. ஆகவே வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் 20 வயது கடந்த ஜீப்கள் இன்னும் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிச் செல்கின்றன. கடைக்குச் சரக்கும் சுமக்கின்றன. அவற்றைப் பேணுதல் விருப்பத்தின்பாற்பட்ட காரியமாக இல்லாமல், கட்டாயமாகிவிட்டது.

விளக்கின் வரலாற்றைச் சிறிது அறிதல் நலம். 1940களில் அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரைக் கண்ணெரிச்சலூட்டும் புகைமூட்டம் கவ்விற்று. ஒல்லாந்தில் பிறந்து அந்நகருக்கு அண்மையிலே பணியாற்றிய ஹாகன்-சிமிட் என்னும் இரசாயன அறிஞர், மோட்டார் வண்டிகளும் எண்ணெய் ஆலைகளும் விடும் வாயுக்கள் சூரிய ஒளியில் மாறுதலடைந்தே அம்மூட்டம் உண்டாகிறது என்று 1950களின் தொடக்கத்தில் காட்டினார். அதன்பின் கலிபோர்னியா மாநிலம் வண்டிகளின் புகைக்கு வரம்பு விதிக்கத் தொடங்கியது. வண்டி தன்னைத் தானே சோதித்துக் குறையை ஒரு விளக்கால் அறிவிக்க வேண்டும் என்ற விதியும் 1988 ஆம் ஆண்டு வண்டிகளிலிருந்து அங்கே நடைமுறைக்கு வந்தது. 1996 இல் அமெரிக்கா முழுவதற்கும், 2001 இல் ஐரோப்பாவின் புதிய பெற்றோல் கார்களுக்கும் அது விரிந்தது.

இதிலிருந்து ஓர் உண்மை புலப்படுகிறது. அவ்விளக்கு பிறந்தது காற்றைக் காப்பதற்காக. உம்முடைய வண்டி மேட்டில் ஏறுகிறதா என்பது அதன் முதற் கவலையன்று. புகை மிகுமென்று கணினி ஐயுற்றால் விளக்கு எரியும். வண்டியின் வலு குன்றினும் புகை வரம்புக்குள் நின்றால் எரியாமலே இருக்கலாம். இறுகிப்போன பிரேக் சில்லைப் பிடித்துக்கொண்டிருப்பதும், கிளச் வழுக்குவதும், எல்லாச் சிலிண்டர்களும் ஒருசேரத் தேய்ந்திருப்பதும் வலுவைக் குறைக்கும். இவற்றுக்குப் பெரும்பாலும் விளக்கு எரிவதில்லை. எனவே விளக்கும் வலுவிழப்பும் ஒருங்கே தோன்றினால், இரண்டும் ஒரே நோயின் அறிகுறிகள்தானா என்பதே முதற் கேள்வி. சிறிது தூரம் ஓட்டி நிறுத்தி, நான்கு சில்லுகளின் அருகேயும் கையை நீட்டிப் பாருங்கள், தொட வேண்டாம். ஒன்று மட்டும் அனல் வீசினால் எஞ்சினைத் திறக்க வேண்டிய தேவையே இல்லாமற் போகலாம்.

விளக்கு எரியும் வகையையும் கவனிக்க வேண்டும். அசையாது எரிந்தால், வேறு தீக்குறி எதுவும் இல்லாதவிடத்து, வண்டியை மெதுவாக வீட்டுக்கோ கராஜுக்கோ கொண்டு போகலாம். விட்டு விட்டு மின்னினாலோ, ஏதேனும் ஒரு சிலிண்டரில் பெற்றோல் தீப்பற்றாது வெளியேறுகிறது என்பது அதன் பொருள். எரியாத பெற்றோல் புகைக்குழாயில் உள்ள வினையூக்கிப் பெட்டியினுள்ளே சென்று எரியும். அதன் வெப்பத்தால் பெட்டியினுள்ளிருக்கும் தேன்கூடு போன்ற பீங்கான் உருகிவிடும். மின்னும் விளக்குடன் காலி வீதி நெரிசலில் அழுத்தி ஓட்டுவது, பல ஆயிரம் ரூபாக் குறையைப் பல இலட்சம் ரூபாக் குறையாக்குவதாகும். எண்ணெய்க்கும் வெப்பத்துக்கும் உரிய சிவப்பு விளக்குகள் வேறு; அவை எரிந்தால் அங்கேயே நிறுத்துவதே முறை.

அடுத்தது குறியெண். வண்டியின் கணினி ஒவ்வொரு குறைக்கும் ஓர் எண்ணைப் பதிந்து வைக்கிறது. ஸ்கானர் என்னும் சிறு கருவியைப் பூட்டி அதைப் படிக்கலாம். ஜப்பானிலிருந்து பழையதாக வந்த வண்டிகளுக்கு ஓர் எச்சரிக்கை: இணைப்பு முனை சர்வதேச முறையைப் போலவே தோன்றினும், உள்ளே பேசும் மொழி வேறாயிருக்கலாம். மலிவான கருவி அங்கே ஊமையாகி நின்றால், குறை வண்டியிலே என்று எண்ணற்க. இன்னும் பழைய டொயோட்டா வண்டிகளில், குறிப்பிட்ட இரண்டு முனைகளைச் சிறு கம்பியால் இணைத்து, விளக்கு எத்தனை தரம் மின்னுகிறது என்று எண்ணியே குறியெண்ணை அறிவர். அந்த முனைகள் எவை என்று திண்ணமாக அறிந்தவர் மட்டுமே அதைச் செய்யலாம்.

குறியெண் கிடைத்ததும் பலர் செய்யும் பிழை, அதைத் தீர்ப்பாகக் கொள்வது. உண்மையில் அது சாட்சியின் வாக்குமூலம் மட்டுமே. பி0171 என்ற எண், எரிகலவையில் பெற்றோலை விஞ்சிக் காற்று மிகுந்திருக்கிறது என்று கூறும். அதைக் கூறுவது ஒட்சிசன் உணரி. ஆகவே உணரியை மாற்றிவிடுவோம் என்று சிலர் முடிவு செய்கின்றனர். காய்ச்சலைக் காட்டிய வெப்பமானியை உடைத்துப் போடுவதற்கும் இதற்கும் பெரிய வேறுபாடில்லை. "பாஸ், எதுக்கும் அந்தச் சென்சரையும் மாத்திவிடுங்கோ" என்று உரிமையாளரே கேட்டுக்கொள்வதும் உண்டு. (கைத்தொழிலாளரை நாம் அழைக்கும் பாஸ் என்ற சொல் ஒல்லாந்தர் விட்டுச் சென்றது.) நல்ல பாஸ் ஆனால் அவ்விடத்தில் சற்றுப் பொறுக்கச் சொல்வார்.

எவ்வாறு சோதிப்பது? ஓர் எடுத்துக்காட்டைக் கருதுவோம். பெற்றோலில் ஓடும் பழைய ஜீப் ஒன்று, வெள்ளவத்தையின் சமதரையில் ஓரளவு ஓடுகிறது, தெஹிவளை மேம்பாலத்தில் ஏறும்போது தள்ளாடுகிறது, விளக்கு எரிகிறது, குறியெண் பி0171. எஞ்சினுக்கு வேண்டியவை காற்று, பெற்றோல், தீப்பொறி, எரிந்த வாயு வெளியேற வழி ஆகிய நான்குமே. பெற்றோல் ஒரு பங்குக்கு நிறையளவில் 14.7 பங்கு காற்று சேர்வது செம்மையான கலவை. இந்த அளவு பிறழ்ந்தால் கணினி பெற்றோலைக் கூட்டியும் குறைத்தும் சரிசெய்யும். எத்தனை வீதம் கூட்டுகிறது என்பதை ஸ்கானரில் ஓடும்போதே காணலாம். ஐந்து முதல் பத்து வீதம் வரை பழைய வண்டிக்குப் பொறுக்கத்தக்கது. இருபதைத் தொட்டால் நோய் உண்டு.

இனி நுட்பம் இங்கேதான் இருக்கிறது. வண்டி நின்றபடி எஞ்சின் மெதுவாகச் சுழலும்போது இருபது வீதமாயிருந்து, சுழற்சியை 2,500 ஆக உயர்த்தியதும் ஐந்துக்கு இறங்குமாயின், எங்கோ ஒரு றப்பர்க் குழாய் வெடித்து, அளவிடப்படாத காற்று உள்ளே புகுகிறது. மெதுவான சுழற்சியில் உள்ளே வரும் காற்றே கொஞ்சமாதலால் கசிவு பெரிதாகத் தோன்றும். சுழற்சி கூடும்போது அது மொத்தக் காற்றில் சிறு பங்காகிவிடும். மாறாக, நின்றபோது நலமாயிருந்து, மேட்டில் ஏறும்போது வீதம் உயருமாயின், பெற்றோல் போதாமல் வருகிறது, அல்லது காற்றுமானி அழுக்கேறிக் குறைத்துக் கணக்கிடுகிறது. இவ்விரண்டையும் பிரித்தறிய அழுத்தமானி ஒன்று போதும். சுமையுடன் ஓடும்போது பெற்றோலின் அழுத்தம் விழுந்தால் பம்பையும் வடிகட்டியையும் பாருங்கள். விழாவிட்டால் காற்றுமானியை அதற்கென்றுள்ள திரவத்தால் கழுவிப் பாருங்கள். நம் மேம்பாலத்து ஜீப் பெரும்பாலும் இந்த இரண்டாம் வகையினது. ஒரு மணி நேரச் சோதனையால், ஒட்சிசன் உணரி வாங்கும் செலவு மிஞ்சியது.

பெற்றோல் பம்பைப் பற்றி ஒரு சொல். அது தாங்கியினுள்ளே பெற்றோலில் மூழ்கியிருந்து, அப்பெற்றோலாலேயே குளிர்கிறது. 2022 இன் எரிபொருள் நெருக்கடியின்போது தாங்கியின் அடிமட்டத்துப் பெற்றோலிலேயே நாட்களைக் கழித்தோம். அவ்வழக்கம் பம்புக்கு நன்மை செய்வதன்று.

குறியெண் பி0303 எனின், மூன்றாம் சிலிண்டரில் தீப்பற்றவில்லை என்பது பொருள். சிலிண்டருக்கு ஒரு கொயில் உள்ள எஞ்சினாயின், மூன்றின் கொயிலை இரண்டுக்கும் இரண்டின் கொயிலை மூன்றுக்கும் மாற்றிப் பூட்டி ஓட்டுக. குறியெண் பி0302 ஆக மாறினால் கொயிலே குற்றவாளி. மாறாவிட்டால் பிளக், பெற்றோல் தெளிப்பான், பின்னர் சிலிண்டரின் அமுக்கம் என்று வரிசையாகச் செல்க. இச்சோதனைக்குச் செலவு ஒரு சதமும் இல்லை.

அடைபட்ட வினையூக்கிப் பெட்டி வேறொரு வகைத் துன்பம். புகை வெளியேற வழியின்றி எஞ்சின் திணறும். வேகம் ஒரு கட்டத்துக்கு மேல் ஏறாது. வியப்பு யாதெனில், பெட்டியின் குறையைச் சொல்லும் பி0420 என்ற எண் அடைப்பைச் சொல்வதன்று. பெட்டியின் இரசாயன ஆற்றல் தளர்ந்ததை மட்டுமே சொல்கிறது. அவ்வெண் தனித்து வந்தால் வண்டியின் வலு பெரும்பாலும் குறைவதில்லை. அடைப்பை அறிய, எஞ்சின் ஆறியபின் முன்னுள்ள ஒட்சிசன் உணரியைக் கழற்றி, அத்துளையில் அழுத்தமானியைப் பூட்டுவர். 2,500 சுழற்சியில் சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 3 இறாத்தலுக்கு மேல் காட்டினால் வழி அடைபட்டிருக்கிறது. அப்போது சில கராஜ்களில் பெட்டியைப் பிளந்து உள்ளிருப்பதை அகற்றிவிடலாம் என்பர். வண்டி ஓடத்தான் செய்யும், விளக்கு அணையாது. கொட்டாஞ்சேனையின் ஒடுங்கிய தெருக்களில், துறைமுக லொறிகளுக்கு நடுவே, வீட்டு வாசலில் விளையாடும் பிள்ளையின் மூச்சில் அந்த வாயு போய்ச் சேரும். இதனை நான் ஒருபோதும் ஆதரியேன். பெட்டி ஏன் உருகிற்று என்று தேடாமல் புதியதைப் பூட்டுவதும் வீணே. பழைய கொயில் புதிய பெட்டியையும் உருக்கிவிடும்.

டீசல் ஜீப்களில் முறை சிறிது வேறு. வடிகட்டி, டர்போவிலிருந்து வரும் காற்றுக்குழாயின் வெடிப்பு, கரி படிந்த புகை மீட்பு வால்வு ஆகிய மூன்றையும் முதலில் பார்த்தால் பெரும்பாலான வலுவிழப்புகளுக்கு விடை கிடைக்கும்.

வெள்ளவத்தைக்கென ஒரு தனி நோயும் உண்டு. புகையிரதப் பாதைக்கு அப்பால் கடல்; மரைன் டிரைவில் இரவு முழுதும் நிற்கும் வண்டியின் மின் இணைப்புகளில் உப்புக்காற்றால் களிம்பு பிடிக்கிறது. உணரி நன்றாயிருந்தும் அதன் செய்தி கணினிக்குச் சரியாகப் போய்ச் சேராது. ஆகவே எந்த உணரியையும் மாற்றுமுன் அதன் இணைப்பைக் கழற்றிப் பச்சை படிந்துளதா என்று பாருங்கள். எஞ்சினிலிருந்து உடற்சட்டத்துக்குச் செல்லும் நிலக்கம்பியையும் பாருங்கள்.

குறியெண்ணை அழிப்பதிலும் பொறுமை வேண்டும். எண்ணோடு, குறை நேர்ந்த கணத்தின் வேகம், வெப்பம், சுமை ஆகியவற்றையும் கணினி குறித்து வைத்திருக்கும். பற்றரியைக் கழற்றி விளக்கை அணைப்பவர் இச்சான்றுகள் அனைத்தையும் எரித்துவிடுகிறார். முதலில் அவற்றைத் தாளில் எழுதிக்கொள்க. பழுது பார்த்தபின் அழிக்க. அழித்தவுடன் கணினி தன் சோதனைகளை மீண்டும் முதலிலிருந்து தொடங்கும். குளிர்ந்த தொடக்கம், நகர ஓட்டம், சீரான நெடுவழி ஓட்டம் ஆகியன சில நாட்கள் நிகழ்ந்தாலன்றி அவை நிறைவுறா. கொட்டாஞ்சேனைத் தெருக்களில் மட்டும் ஓடும் வண்டிக்கு இது நீளும். ஒரு ஞாயிறு காலையில் புதிய களனிப் பாலத்தைத் தாண்டிக் கட்டுநாயக்க நெடுஞ்சாலையில் நிதானமாகச் சென்று திரும்புவது உதவும். அதுவரையில் பற்றரியைக் கழற்றாதிருப்பதே போதுமானது.