ஓரிகன் கரையோரம் இலையுதிர் காலத்தில்: பயணியின் உரிமையும் ஆபத்தும் பரிகாரமும்

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், வடக்கே அஸ்டோரியா முதல் தெற்கே புரூக்கிங்ஸ் வரை, 101ஆம் எண் நெடுஞ்சாலை ஏறக்குறைய 580 கிலோமீட்டர் தூரம் பெரும்பாலும் பசிபிக் கடலை ஒட்டியே ஓடுகிறது. கரும்பாறை முனைகளும் நீண்ட மணல்வெளிகளும் மாறி மாறி வரும் கரை இது. கோடையில் மூடுபனி அதிகம். செப்டம்பரில் அது விலகி வானம் தெளியும், விடுமுறைக் கூட்டமும் குறையும். அக்டோபர் பாதிக்கு மேல் மழை பிடித்துக்கொள்ளும்; நவம்பரில் புயல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். செப்டம்பர் பயணமும் நவம்பர் பயணமும் ஒரே சாலையில் நடக்கும் இரண்டு வேறு பயணங்கள் என்பதை முதல்முறை செல்பவர் தேதி குறிக்கும்போதே கணக்கில் கொள்ள வேண்டும்.

இந்தக் கரையில் பயணிக்கு உள்ள முதல் உரிமை, மணலில் காலாற நடப்பது. 1913இல் ஆஸ்வால்ட் வெஸ்ட் ஆளுநராக இருந்தபோது, அலை நனைக்கும் மணல் பொது நெடுஞ்சாலை என்று சட்டம் இயற்றப்பட்டது. அன்றைக்குக் குதிரை வண்டிகள் உண்மையிலேயே அந்த மணலில்தான் ஓடின. 1966இல் கேனன் பீச் ஊரில் ஒரு விடுதி, அலை தொடாத உலர்மணலைத் தன் விருந்தினருக்கு மட்டும் என்று தடுத்து வைத்தபோது மக்கள் கொதித்தார்கள். மறு ஆண்டே வந்த கடற்கரைச் சட்டத்தில் ஆளுநர் டாம் மெக்கால் கையெழுத்திட்டார். செடிகொடி முளைக்கும் எல்லை வரை உள்ள உலர்மணலும் பொதுமக்களின் பயன்பாட்டுக்கு என்றானது. நெடுங்காலமாக மக்கள் அனுபவித்துவரும் வழக்கமே இந்த உரிமைக்கு அடிப்படை என்று மாநில உச்ச நீதிமன்றம் 1969இல் உறுதிசெய்தது. எனவே சொகுசு விடுதிக்கு முன்னால் உள்ள மணலில் உட்கார்ந்திருப்பவரை எழுந்து போகச் சொல்ல அந்த விடுதிக்கு அதிகாரம் இல்லை. ஆனால் அந்த மணலை அடைவதற்கு விடுதியின் தோட்டத்தையோ தனியார் படிக்கட்டையோ பயன்படுத்தும் உரிமை பயணிக்கும் இல்லை; பொதுப் பாதை வழியாகத்தான் இறங்க வேண்டும். பல மாநிலப் பூங்காக்களில் வண்டி நிறுத்தக் கட்டணம் உண்டு.

உரிமைக்கு வேறு வரம்புகளும் இருக்கின்றன. பெரும்பாலான இடங்களில் காரை மணலில் இறக்கக் கூடாது. கேனன் பீச்சின் ஹேஸ்டாக் பாறை கடற்பறவைகள் கூடுகட்டும் காப்பிடம் என்பதால் அதில் ஏறத் தடை. அகேட் கற்களைச் சொந்த ஆசைக்குச் சிறிதளவு பொறுக்கலாம். நண்டு, சிப்பி எடுக்க உரிமம் வேண்டும். உரிமம் இருந்தாலும், அன்றைக்கு அந்தப் பகுதி மூடப்பட்டிருக்கிறதா என்று மாநில வேளாண் துறையின் அறிவிப்பைப் பார்த்த பிறகே எடுக்க வேண்டும். சிப்பியில் சேரும் டோமோயிக் அமிலம் என்ற நஞ்சு எவ்வளவு வேகவைத்தாலும் போகாது.

ஆபத்துகளில் முதலாவது அலை. தொலைதூரப் புயல்களில் பிறக்கும் நெடிய அலைகள், ஒன்றன் மேல் ஒன்று சேர்ந்து, அமைதியாகத் தெரியும் கரையில் திடீரென வெகுதூரம் ஏறி வரும். ‘ஸ்னீக்கர்’ அலை என்று உள்ளூரில் இதைச் சொல்வார்கள். 45 மீட்டருக்கும் மேல் மணலில் ஏறி வரக்கூடிய இது, பத்து இருபது நிமிடம் சிறிய அலைகளாகவே வந்துகொண்டிருந்த பிறகும் வரும். ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு ‘இங்கே வரை தண்ணீர் வராது’ என்று முடிவுகட்டுவதுதான் இதில் பெரிய ஆபத்து. கரையில் ஒதுங்கிக் கிடக்கும் பெருமரங்கள் இன்னொரு பொறி. கணுக்கால் அளவு தண்ணீரே டன் கணக்கான மரத்தைப் புரட்டிவிடும். அதன்மேல் குழந்தையை உட்காரவைத்துப் படம் எடுப்பது இந்தக் கரையில் விளையாட்டல்ல. இலையுதிர் காலத்திலும் நீரின் வெப்பநிலை 10 முதல் 13 டிகிரிதான். விழுந்த நொடியில் மூச்சு திணறி, சில நிமிடங்களில் கைகால் செயலிழக்கும். ஒருவர் இழுத்துச் செல்லப்பட்டால் கூட இருப்பவர் பின்னால் குதிக்காமல், அவர்மீது வைத்த கண்ணை எடுக்காமல் 911ஐ அழைக்க வேண்டும். கடலுக்கு முதுகு காட்டக் கூடாது என்பது அங்கே பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரிந்த விதி.

பாறை முனைகளிலும் இதே எச்சரிக்கை தேவை. யஹாட்ஸ் அருகே தோர்ஸ் வெல் என்னும் பாறைக்குழி, ஓதம் ஏறும் நேரத்தில்தான் அழகு காட்டும். ஆளை இழுப்பதும் அதே நேரத்தில்தான். பசிபிக் சிட்டியின் கிவாண்டா முனை மணற்கல்லால் ஆனது. விளிம்பு சொல்லாமல் உடையும். அங்கே வேலியைத் தாண்டிப் போன பலர் உயிரிழந்திருக்கிறார்கள். அன்றைய ஓத அட்டவணையும் தேசிய வானிலைச் சேவையின் கடற்கரை எச்சரிக்கையும் பார்க்காமல் இந்த இடங்களைத் திட்டத்தில் சேர்ப்பது வீண் துணிச்சல்.

சுனாமி அரிது என்றாலும் ஒதுக்கிவிட முடியாது. கரைக்கு அப்பால் கடலடியில் காஸ்கேடியா நிலத்தட்டுப் பிளவு இருக்கிறது. 1700 ஜனவரி 26 அன்று அங்கே ஏற்பட்ட பெரும் பூகம்பத்தின் சுனாமி ஜப்பான் வரை போனது. 1964இல் அலாஸ்கா பூகம்பத்தின் அலை, ஓரிகனின் பெவர்லி பீச்சில் மணலில் படுத்திருந்த ஒரே குடும்பத்தின் நான்கு குழந்தைகளைக் கொண்டுபோனது. அருகில் பூகம்பம் என்றால் முதல் அலை 15, 20 நிமிடத்தில் வந்துவிடும். நிலம் பலமாக நீடித்து அதிர்ந்தால், அதிர்வு நின்றதும் சைரனுக்குக் காத்திராமல், நீலப் பலகைகள் காட்டும் வழியில் மேட்டுக்கு நடந்தே போக வேண்டும்; கார் நெரிசலில் மாட்டிக்கொள்ளும். 2004 சுனாமிக்குப் பிறகு தமிழ் வாசகருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அறை எடுத்த முதல் மாலையே அந்த வழியை ஒருமுறை நடந்து பார்ப்பது போதும்.

சாலையில் வளைவுகளும் மர லாரிகளும் அதிகம். 580 கிலோமீட்டரை ஒரே நாளில் முடிக்கலாம், ஆனால் எதையும் பார்க்க முடியாது. நான்கு நாளாவது வேண்டும். அக்டோபர், நவம்பர் மான்களின் இணைசேர் காலம். அந்தி நேரத்தில் அவை குறுக்கே பாயும். நவம்பர் முதல் ஞாயிறன்று கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னே தள்ளப்படுவதால் அதன் பிறகு மாலை ஐந்து மணிக்கே இருட்டிவிடும். மண்சரிவையும் சாலை அடைப்பையும் மாநிலப் போக்குவரத்துத் துறையின் டிரிப்செக் தளத்திலோ 511 எண்ணிலோ அறியலாம். இடையிடையே கைபேசிச் சிக்னல் கிடைக்காது. வரைபடத்தை முன்பே இறக்கிவைக்க வேண்டும்.

அடிபட்டால் யார் மேல் வழக்குப் போடுவது? பெரும்பாலும் யார் மேலும் முடியாது. கட்டணம் வாங்காமல் பொழுதுபோக்குக்காக நிலத்தைத் திறந்துவிடும் உரிமையாளருக்கு ஓரிகன் சட்டம் பாதுகாப்புத் தருகிறது. 2023இல் ஒரு மேல்முறையீட்டுத் தீர்ப்பு அதைக் குறுக்க, சில கடலோர ஊர்கள் தங்கள் நடைபாதைகளை மூடின. 2024இல் சட்டமன்றம் அதை மீண்டும் வலுப்படுத்தியது. அரசு அமைப்பின் தவறு என்று நினைத்தால் காயத்துக்கு 180 நாளுக்குள் முன்னறிவிப்புத் தர வேண்டும். கார் விபத்தில் யாராவது காயப்பட்டாலோ, சேதம் 2,500 டாலரைத் தாண்டினாலோ 72 மணி நேரத்துக்குள் வாகனத் துறையிடம் அறிக்கை தர வேண்டும். காவலர் வந்து எழுதிக்கொண்டு போனதால் இந்தக் கடமை தீராது.

போர்ட்லண்ட், ஹில்ஸ்பரோ பக்கம் வேலை பார்க்கும் பிள்ளைகளிடம் ஊரிலிருந்து வரும் பெற்றோருக்கு மருத்துவச் செலவு பெரிய கவலை. அவசரப் பிரிவுக்கு வரும் எவரையும், பணம் இருக்கிறதா என்று பாராமல், பரிசோதித்து நிலைப்படுத்த வேண்டும் என்பது 1986 முதல் கூட்டாட்சிச் சட்டம். சிகிச்சை மறுக்கப்படாது என்பதற்கு இலவசம் என்று பொருளில்லை. ரசீது பின்னால் வரும். சர்க்கரை, இதய நோய் போன்ற பழைய உபாதைகளுக்குக் காப்பீடு எந்த அளவு பொருந்தும் என்பதைப் புறப்படுமுன் படித்துவிட வேண்டும்.

35 அல்லது அதற்கு மேற்பட்ட வண்டிகள் வைத்திருக்கும் வாடகை நிறுவனம், பாதுகாப்புக் குறைக்காகத் திரும்ப அழைக்கப்பட்ட காரைச் சரிசெய்யாமல் வாடகைக்கு விட 2016 முதல் தடை. ஒப்பந்தத்தில் பெயர் இல்லாதவர் ஓட்டினால் காப்பீடு கைவிட்டுப் போகலாம். காரை எடுக்கும்போதும் விடும்போதும் நான்கு பக்கமும் படம் எடுத்துக்கொள்வது, பழைய கீறலுக்குப் புதிதாகப் பணம் கேட்கும் தகராறில் ஒரே சாட்சி. விடுதிகள் கட்டாயக் கட்டணங்களையும் சேர்த்த மொத்த விலையை முதலிலேயே காட்ட வேண்டும் என்ற கூட்டாட்சி விதி 2025 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. மீறினால் மாநில நீதித் துறையின் நுகர்வோர் பிரிவில் புகார் தரலாம். கிரெடிட் கார்டில் தவறான தொகை ஏறியிருந்தால், அது வந்த பில் அனுப்பப்பட்ட 60 நாளுக்குள் வங்கிக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும்; தொலைபேசியில் சொல்வது மட்டும் சட்டப் பாதுகாப்பைத் தராது.