நாடாப் பேழையும் இயந்திரக் கையும்

2011ஆம் ஆண்டு பெப்ரவரி 27ஆந் திகதி, கூகுள் நிறுவனத்தாரின் ஜிமெயில் அஞ்சலைக் கையாள்வோருட் சிலர் தம் பெட்டிகள் வெறுமையாய்க் கிடக்கக் கண்டனர். மென்பொருட் பிழையொன்று, வெவ்வேறிடங்களில் வைத்திருந்த பிரதிகளையும் ஒருங்கே அழித்துவிட்டது. பாதிப்புற்றோர் 0.02 சதவீதத்தினரே. அவர்தங் கடிதங்களை மீட்டளித்தவை, கணினியினின்று பிரிந்து கிடந்த காந்த நாடாக்கள். பழம்பொருளெனச் சிலர் எள்ளும் இந்நாடாவை, யுனிக்ஸ் நெறியில் அமைந்த லினக்ஸ் கணினியோடு இணைக்கும் முறையை ஈண்டு ஒருவாறு விளக்குவாம்.

நாடா நூலகம் எனப்படும் பெட்டியுள் இருவேறு கருவிகள் உள. ஒன்று, நாடாவில் எழுதவும் வாசிக்கவும் வல்ல இயக்கி. மற்றது, நாடாப் பேழைகளை மாடங்களிலிருந்து எடுத்து இயக்கியுட் செருகும் இயந்திரக் கை. இக்கைக்கு எழுத்தறிவில்லை, பேழையின் புறத்தே ஒட்டிய பட்டைக் குறியீட்டை மாத்திரமே அறியும். உள்ளிருப்பது கல்லூரியின் புள்ளிப் பதிவோ வெற்று நாடாவோ, அதற்கு இரண்டும் ஒன்றே. எப்பேழையில் எக்கோப்பு உளது என்னும் அட்டவணையைப் பக்குலா, அமண்டா போன்ற மென்பொருள்கள் பேணும். அவ்வட்டவணைக்கும் பிரதியொன்று எடுத்து வேறிடத்தில் வைத்தல் வேண்டும்.

இயக்கிக்கு லினக்ஸ் இரு பெயர் வழங்கும். ‘எஸ்ரி0’ என்னும் பெயரால் எழுதின், வேலை முடிந்ததும் நாடா தொடக்கத்துக்கே சுருண்டுவிடும். ‘என்எஸ்ரி0’ எனின் நின்றவிடத்தே நிற்கும். திங்கட்கிழமைப் பிரதியை முதற்பெயரால் எழுதிச் செவ்வாய்க்கிழமைப் பிரதியையும் அவ்வாறே எழுதுவோன், முன்னதன் மேலேயே எழுதுகின்றான். கணினியோ யாதொரு குறையுங் கூறாது! புதியோர் இடறுமிடங்களுள் இதனினுங் கொடியது இல்லையெனத் துணிவோம்.

இயக்கிகள் இரண்டாயின் வேறொரு சிக்கல் உண்டு. கை எண்ணும் வரிசையும் கணினி எண்ணும் வரிசையும் ஒத்திருக்குமென்பதற்கு உறுதியில்லை. ஆதலின் ‘எம்ரிஎக்ஸ்’ கட்டளையால் ஒரு பேழையை இயக்கியொன்றில் இட்டு, அது எப்பெயரின்கீழ்த் தோன்றுகின்றதென ‘எம்ரி’ கட்டளையால் நோக்கி, இயக்கியின் தொடரிலக்கங் கொண்ட நிலையான பெயரையே அமைப்பிற் குறித்தல் தக்கது.

2021இல் வந்த எல்ரிஓ-9 பேழையில் 1035 மீற்றர் நாடாவும் 18 டெராபைற் கொள்ளளவும் உண்டு. தரவு தடைப்பட்டு வரின் நாடா நின்று, பின்சென்று, மீண்டும் ஓடித் தேயும். வன்தட்டில் முதலிற் சேர்த்துப் பின் ஒரே ஓட்டமாய் எழுதுவது நன்று. துப்புரவுப் பேழையை இயக்கி வேண்டும்போது மட்டும் இடுக.

நம் முன்னோர் செல்லரிக்குமுன் ஏடுகளைப் பெயர்த்தெழுதினரன்றோ? நாடாவுக்கும் அவ்வினை உண்டு. எல்ரிஓ-7 இயக்கி இரு தலைமுறை முந்திய நாடாவையும் வாசிக்கும். எல்ரிஓ-8 ஒரு தலைமுறைக்கு அப்பால் வாசியாது. புதிய இயக்கி வாங்குவோர் பழையதை எறியுமுன் நாடாக்களைப் பெயர்த்துக்கொள்க.

மாதமொருமுறையேனும் சில கோப்புகளை நாடாவினின்று மீட்டு மூலத்தோடு ஒப்புநோக்குதல் வேண்டும். அதனை எழுதிய இயக்கியிலன்றி மற்றையதிற் செய்க. செம்மை குன்றிய இயக்கி தான் எழுதியதைத் தானே வாசித்து நம்மை ஏமாற்றுதலும் உண்டு.