கொதித்த வோர்ட்டை ஆற்றுவது எப்படி? - ஒரு சின்னக் கணக்கு

இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஒரு ஆகஸ்ட் ஞாயிற்றுக்கிழமை, இருபது லிட்டர் பியரை வீட்டுக்குப் பின்னால் இருக்கும் புல்தரையில் கொட்டினேன். ஆறு மணி நேர வேலை, மூன்று வாரக் காத்திருப்பு, எல்லாம் போச்சு. வாயில் வைத்தால் மக்காச்சோளம் வேகவைத்த தண்ணீர் மாதிரி ஒரு வாசம், அடியில் லேசான புளிப்பு. மால்ட் நல்லது, ஈஸ்ட் நல்லது, பாத்திரம் சுத்தம். தப்பு செய்தது கொதிக்கவைத்த பிறகு: அடுப்பை அணைத்தேன், மூடி போட்டேன், "காலையில ஆறிடும்"னு கராஜில் வைத்துவிட்டுத் தூங்கப் போனேன். டெக்சாஸ் கோடையில் கராஜ் என்பது இன்னொரு அடுப்பு. காலையில் தொட்டால் இன்னும் வெதுவெதுப்பு.

அப்புறம்தான் ஆற்றுவதைப் பற்றி ஒழுங்காகப் படிக்க ஆரம்பித்தேன். அந்தக் குறிப்புகள்தான் இது.

புதியவர்களுக்கு ஒரு வரி: முளைகட்டிக் காயவைத்த பார்லிதான் மால்ட். அதை நொறுக்கி வெந்நீரில் ஊறவைத்து வடித்தால் வரும் இனிப்புத் தண்ணீர் வோர்ட். அதில் ஹாப்ஸ் போட்டு ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டு, ஆற்றி, ஈஸ்ட் சேர்த்தால் சில வாரங்களில் பியர். அமெரிக்காவில் இதை வீட்டில் செய்ய மத்திய அரசு வழிவிட்டது 1978 ல், கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டத்தின் மூலம். இரண்டு பெரியவர்கள் இருக்கும் வீட்டுக்கு வருஷத்துக்கு 200 கேலன் வரை வரி இல்லை. தமிழ்நாட்டில் உரிமம் இல்லாமல் காய்ச்சினால் மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். ஊரில் இருப்பவர்கள் இதை ஒரு வெப்ப இயற்பியல் கட்டுரையாக மட்டும் படித்துக்கொள்ளவும்!

ஏன் வேகமாக ஆற்ற வேண்டும்? முதல் காரணம் எல்லோருக்கும் தெரிந்தது. வோர்ட் என்பது சர்க்கரையும் புரதமும் கலந்த நீர். 60 டிகிரிக்குக் கீழே இறங்கியதும் பாக்டீரியாவுக்கு அது கல்யாண விருந்து. ஈஸ்ட்டோ 40 டிகிரியைத் தாண்டினால் தாங்காது. நல்ல சுவைக்கு ஏல் வகைக்கு 20 டிகிரி அளவில் இருக்க வேண்டும். நடுவில் இருக்கும் நேரம் யாருக்குச் சொந்தம் என்பதுதான் போட்டி. மூடி போட்ட பாத்திரம் பாதுகாப்புன்னு நினைத்தேன். உள்ளே ஆற ஆற ஆவி சுருங்கி, மூடி இடுக்கு வழியாக வெளிக்காற்றை உறிஞ்சும். கராஜ் தூசியும் கூடவே உள்ளே போகும். புளிப்பு வந்த வழி அது.

மக்காச்சோள வாசத்துக்குக் காரணம் வேறே. மால்ட்டில் எஸ்-மெத்தில் மெத்தியோனின் என்று ஒரு பொருள் உண்டு. சூட்டில் அது உடைந்து டைமெத்தில் சல்ஃபைடு ஆகிறது. இது 37 டிகிரியிலேயே ஆவியாகும் சமாச்சாரம், அதனால் திறந்த பாத்திரத்தில் கொதிக்கும்போது நீராவியோடு ஓடிவிடும். கொதி நின்ற பிறகும் சூடு இருக்கும்வரை உற்பத்தி நடக்கும், ஆனால் வெளியேற்ற ஆவி இல்லை. கொதிநிலையில் மூலப்பொருள் ஏறக்குறைய 40 நிமிடத்துக்கு ஒரு முறை பாதியாகும் என்பது கணக்கு. அப்படின்னா 90 நிமிடம் கொதிக்கவிட்டால் ஐந்தில் ஒரு பங்குதான் மிச்சம். நான் போட்டது வெளிர் பில்ஸ்னர் மால்ட், இந்தப் பொருள் அதிகம் உள்ள வகை. கொதிக்கவிட்டது 45 நிமிடம், அதுவும் பாதி மூடி போட்டு. சோளம் வராமல் என்ன வரும்?

சரி, கணக்குக்கு வருவோம். 20 லிட்டரை 100 டிகிரியிலிருந்து 20 டிகிரிக்கு இறக்க, 20 × 80 = 1600 கிலோகலோரி வெளியே எடுக்க வேண்டும் (வோர்ட்டைத் தண்ணீராகவே வைத்துக்கொள்வோம், வித்தியாசம் கொஞ்சம்தான்). ஒரு கிலோ ஐஸ் உருக 80 கிலோகலோரி, உருகிய தண்ணீர் 20 டிகிரிக்கு வர இன்னொரு 20, ஆக 100. மொத்தத்தையும் ஐஸாலேயே செய்தால் 16 கிலோ வேண்டும், அதுவும் ஒரு சொட்டு குளிர்கூட வீணாகாமல். பாத்டப்பில் பாத்திரத்தை இறக்கி ஐஸ் கொட்டும் முறை இருபது லிட்டருக்குச் சோபிக்காதது இதனால்தான். அடுப்படியில் பத்து லிட்டருக்குள் செய்பவர்களுக்கு அது தாராளமாகப் போதும், வேறே எதுவும் வாங்க வேண்டாம்.

அடுத்தது செம்புச் சுருள். 25 அல்லது 50 அடி செம்புக் குழாயை வளைத்து வோர்ட்டுக்குள் இறக்கி, உள்ளே குழாய்த் தண்ணீர் ஓடவிடுவது. கொதி முடிய கால் மணி நேரம் இருக்கும்போதே உள்ளே போட்டுவிட்டால் அதுவே கிருமிநீக்கம். கழுவுவதும் சுலபம், அழுக்கு வெளிப்பக்கம்தான், கண்ணுக்குத் தெரியும். எனக்கு இதுதான் பிடித்தது. ஆனால் இங்கே நியூட்டன் குறுக்கே வருகிறார். ஆறும் வேகம் இரண்டுக்கும் இடையில் உள்ள வெப்ப வித்தியாசத்தைப் பொறுத்தது.

எங்கள் வீட்டுக் குழாயில் ஆகஸ்டில் வரும் தண்ணீர் 29 டிகிரி. அதாவது ஆரம்பத்தில் வித்தியாசம் 71. நிமிடத்துக்கு 6 லிட்டர் ஓடவிட்டு, கரண்டியால் கலக்கிக்கொண்டே அளந்ததில், சுமார் ஐந்தரை நிமிடத்துக்கு ஒரு முறை இந்த வித்தியாசம் பாதியானது. வோர்ட் 100, 64, 47, 38, 33, 31 என்று இறங்கும். 40 டிகிரிக்கு வர 15 நிமிடம், 90 லிட்டர் தண்ணீர். அதுக்கப்புறம் இன்னொரு 13 நிமிடமும் 78 லிட்டரும் செலவழித்தால் கிடைப்பது வெறும் 9 டிகிரி. 20 டிகிரி? விடிய விடியத் திறந்து வைத்தாலும் வராது. நீளமான சுருள் வாங்கினால் சரியாகிவிடும்னு கடையில் சொல்வார்கள். சுருள் நீளம் வேகத்தைத்தான் மாற்றும், தரையை மாற்றாது. தரை 29.

கலக்குவது முக்கியம், தனியாகச் சொல்கிறேன். கலக்காவிட்டால் சுருளைச் சுற்றி ஒரு குளிர்ந்த படலம் உட்கார்ந்துகொள்ளும், மற்ற வோர்ட் சூடாகவே இருக்கும். சும்மா விட்டபோது எனக்கு நேரம் இரண்டு மடங்குக்கு மேல் ஆனது. காப்பியை டம்ளருக்கும் டபராவுக்குமாக இழுத்து ஆற்றும் பரம்பரை நாம். ஆனால் அந்த வித்தை இங்கே வேண்டாம். சூடான வோர்ட்டில் காற்று கலந்தால் ஆக்சிஜனேற்றம் நடந்து பின்னால் பழைய அட்டைப்பெட்டி வாசம் வரலாம். மெதுவாகச் சுழற்றினால் போதும்.

பிளேட் சில்லர் அழகான பொறியியல். மெல்லிய உலோகத் தகடுகளுக்கு நடுவே ஒரு பக்கம் வோர்ட், அடுத்த பக்கம் எதிர்த்திசையில் தண்ணீர். 1923 ல் இங்கிலாந்தில் ரிச்சர்ட் செலிக்மன் உருவாக்கிய தகட்டு வெப்பப் பரிமாற்றியின் குட்டி வடிவம். உள்ளங்கை அகலத்தில் இருந்துகொண்டு, ஒரே ஓட்டத்தில் கொதிநிலையிலிருந்து குழாய்த் தண்ணீர் சூட்டுக்குப் பக்கத்தில் கொண்டுவந்துவிடும். எதிர்த்திசை என்பதால் தண்ணீரும் மிச்சம். நானும் ஒன்று வாங்கினேன். இரண்டாவது முறையே ஹாப்ஸ் சக்கை உள்ளே அடைத்தது. வீட்டு உபயோகத்துக்கு வருபவை பற்றவைத்தவை, கழற்றிப் பார்க்க முடியாது. பின்பக்கமாகத் தண்ணீர் அடித்து, அவனில் சுட்டு எடுத்து, அப்பவும் உள்ளே என்ன ஒட்டியிருக்கிறது என்று தெரியாது. பிழைத்திருத்தம் செய்ய முடியாத கருவியை நம்புவது எனக்குத் தொழில்முறையிலேயே ஒத்துவராது. விற்றுவிட்டேன்.

இதற்கெல்லாம் முன்னால் பெரிய, ஆழமில்லாத திறந்த தொட்டியில் ஊற்றி இரவுக் குளிரில் ஆறவிடுவார்கள். பிரஸ்ஸல்ஸில் கான்டியோன் இன்னும் அப்படித்தான் லாம்பிக் செய்கிறது, காற்றில் வரும் ஈஸ்ட்டையும் பாக்டீரியாவையும் வேண்டுமென்றே வரவேற்கும் முறை. அதுவும் குளிர்ந்த மாதங்களில் மட்டும்தான். நம்ம ஊர்க் கள்ளும் ஈஸ்ட் போடாமல் தானாகப் புளிப்பதுதான். என் கராஜில் நடந்ததை லாம்பிக் என்று சொல்லிக்கொள்ள எனக்குத் தைரியம் இல்லை.

கடைசியாக, ஆற்றாமலே விடுவது. தண்ணீர்ப் பஞ்சம் பார்த்த ஆஸ்திரேலியாவில் வீட்டில் காய்ச்சுபவர்கள் பிரபலப்படுத்தியது. கொதி முடிந்ததும் வோர்ட்டை உணவுக்கு உகந்த கெட்டி பிளாஸ்டிக் கேனில் வழிய வழிய நிரப்பி, காற்றைப் பிதுக்கி வெளியேற்றி, இறுக்கி மூடி, மூடிப் பக்கமும் சூடுபடும்படி படுக்கவைத்துவிடுவது. அந்தச் சூடே கேனைச் சுத்தம் செய்கிறது. நான் கராஜில் செய்ததும் இதுவும் ஒண்ணுதானே என்றால், இல்லை. இதில் காற்று உள்ளே வர இடுக்கே கிடையாது, கேன்தான் சுருங்கும். ஒரு சொட்டுத் தண்ணீர்கூடச் செலவில்லை.

ஆனால் மூன்று விஷயம். 80 டிகிரிக்கு மேல் ஹாப்ஸ் கசப்பு விட்டுக்கொண்டே இருக்கும், அதனால் கடைசியில் போடும் ஹாப்ஸை இன்னும் தள்ளிப்போட வேண்டும். பில்ஸ்னர் மால்ட் என்றால் 90 நிமிடம் திறந்து கொதிக்கவிட வேண்டும். மூன்றாவதுதான் ஆபத்து. பொட்டுலினம் வித்துகள் சாதாரணக் கொதியில் சாகாது. காற்றில்லாத இடம், பிஎச் 4.6 க்கு மேல், அறைச் சூடு, இந்த மூன்றும் அதுக்குப் போதும். ஈஸ்ட் போடாத வோர்ட்டின் பிஎச் 5 க்கு மேல். சிலர் கேனை மாதக்கணக்கில் அலமாரியில் வைக்கிறார்கள், தயவுசெய்து செய்யாதீர்கள். மறுநாளே ஈஸ்ட் போட்டுவிட்டால், அது வேலையை ஆரம்பித்ததும் பிஎச் இறங்கிவிடும்.

இப்போது நான் செய்வது இதுதான். ஜனவரியில் குழாய்த் தண்ணீர் 12 டிகிரிக்கு வந்துவிடும், செம்புச் சுருள் மட்டும் போதும். கோடையில் சுருளால் 40 வரை இறக்குவேன். மிச்சம் 20 × 20 = 400 கிலோகலோரி, கணக்குப்படி 4 கிலோ ஐஸ். நிஜத்தில் 9 கிலோ, பெட்ரோல் பங்க்கில் இரண்டு பை. அதை ஒரு வாளியில் கொஞ்சம் தண்ணீரோடு போட்டு, மீன்தொட்டி மோட்டார் மாதிரி ஒரு சின்ன பம்ப்பால் அதே சுருளுக்குள் சுற்றவிட்டால் கால் மணி நேரத்தில் 20. முதல் 90 லிட்டர் வெந்நீர் வாஷிங் மெஷினுக்குப் போகிறது. புல்லுக்குத் தண்ணீர் விட நகராட்சி தடை போடும் வருஷங்களில் கேன் முறை. கேனைத் தூக்கும்போது மட்டும் கெட்டி ரப்பர் கையுறையும் ஷூவும் போட்டுக்கொள்கிறேன். சர்க்கரைத் தண்ணீர் தோலில் ஒட்டிக்கொண்டு சுடும்.

பில்ஸ்னரை மறுபடி இந்த டிசம்பரில்தான் முயற்சி செய்தேன், 90 நிமிடம் திறந்த கொதி, சுருள் மட்டும். சோளம் இல்லை. கொஞ்சம் கலங்கலாக இருந்தது, அது வேறே கதை.